இரண்டாம் வருஷத்துச் சொல்

அம்மன் தன்மேல் இறங்கும்போது அஞ்சலாட்சி ஒருநாளும் பயந்ததில்லை. உச்சந்தலையில் ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றியதுபோல இருக்கும். பெரியவர்கள் வந்தால் பாயை விட்டு எழுந்து ஓரமாக நிற்போமே, அப்படி அவள் தனக்குள்ளேயே ஒதுங்கி நின்றுகொள்வாள். அம்மன் வந்த காரியத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். போன பிறகு உடம்பு வலிக்கும். மனசு மட்டும் கழுவிவிட்ட முற்றம் மாதிரி கிடக்கும்.

அதனால்தான் அன்றைக்குக் காலை, வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வலது கை தானாக மேலே எழுந்ததும், அவளுக்குப் பயமாகிவிட்டது. கை காதளவுக்கு உயர்ந்தது. இல்லாத வேப்பங்கொத்தைப் பிடித்திருப்பதுபோல விரல்கள் வளைந்தன. கழுத்து இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. குளிர்ச்சி இல்லை. அம்மன் இல்லை. யாரோ வந்து அவள் கையை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"யாரைக் கூப்புடுற?" என்றான் அவள் புருஷன் முருகையன். திண்டில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தான்.

"காக்கா ஓட்டுனேன்" என்றாள். வலது கையை மடியில் போட்டு, இடது கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். மாசித் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. கைக்கு அது தெரியவில்லை.

அலையாத்திமேட்டுக்குக் கரைகாத்தாள்தான் தெய்வம். மாசியில் அவளுடைய கரகம் அலையோரத்துக்கு வரும். சாமியாடுகிறவள் நுரையில் கால் வைத்து நிற்பாள். அந்த வருஷம் கடலுக்குப் போனவன் எவனாவது திரும்பாமல், உடலும் கரை சேராமல் போயிருந்தால், அவன் வீட்டுப் பெண் முன்னால் வந்து, "ஆத்தா, எம்புள்ள எங்க?" என்று கேட்பாள். "தேடுறேன். நீ உலை வை" என்று பதில் வரும். அவள் வீட்டுக்குப் போய் அவன் பங்குக்கும் சேர்த்து உலை வைப்பாள். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் காரியம் கிடையாது, ஒப்பாரி கிடையாது. அடுத்த மாசியில் அவளே மறுபடி வந்து கேட்பாள். அப்போதுதான் இரண்டாவது சொல் வரும். அது வந்த பிறகு விளக்கேற்றி, தலைமுழுகி, வாய்விட்டு அழுவார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஏமாற்று மாதிரித் தோன்றலாம். ஒரே நாளில் விழுங்க முடியாத துக்கத்துக்கு அம்மன் ஒரு வருஷம் தவணை கொடுக்கிறாள் என்று அந்த ஊருக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். அந்த இரண்டாவது சொல்லை, அதற்குரிய வேளை வருவதற்கு முன்னால், கடல் கேட்கும்படி யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கடல் அதை அழைப்பாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் மரபுக் காவல் வாரியத்து ஆட்கள் கேமராவோடு வந்து, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்கள் சடங்கை முதலிலிருந்து கடைசிவரை சொல்லுங்கள் என்று கேட்டபோது, அதனால்தான் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அந்த வருஷம் கடல் கொண்டுபோனது காத்தாயியின் ஒரே மகன் மதியழகனை. அதற்கு முந்தின வருஷம் யாரும் போகவில்லை. ஆகவே அந்தத் திருவிழாவில் முதல் சொல் மட்டும்தான் இருந்தது. வாரியம் எல்லார் கழுத்திலும் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டி, யார் எங்கே நின்றார்கள், எந்தக் குரலில் பேசினார்கள், எந்த நரம்பு எப்போது துடித்தது என்பதுவரை எடுத்துக்கொண்டு போனது. அலையாத்திமேட்டுக் கரை கேட்டல் நாட்டின் உயிர்மரபுகளில் ஒன்று என்று அறிவித்தது. அந்த அறிவிப்பினால், புதிதாக வரவிருந்த பெரிய துறைமுகத்தின் எல்லைக் கோடு ஊரைத் தொடாமல் வளைந்து போனது. தெற்கே இரண்டு குப்பங்களைப் பெயர்த்து நெடுஞ்சாலையோர அடுக்குமாடிகளில் வைத்துவிட்டார்கள். இந்த ஊர் மட்டும் நின்றது. மரபு பதிவில் உள்ளபடி நடக்கும்வரை ஊரை யாரும் தொட முடியாது என்றார்கள். ஊர் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் பட்டைகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை எடுத்துக்கொள்ள வரவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தன.

அந்த நாளை நினைத்தால் அஞ்சலாட்சிக்கு இப்போதும் சோறு இறங்காது. நுரையில் கால் வைத்து நின்றாள். காத்தாயி வந்து கேட்டாள். இரண்டாவது சொல்லுக்காக அவள் தனக்குள் ஒதுங்கி வழிவிட்டுக் காத்திருந்தாள். வழியில் வந்தது அம்மன் இல்லை. அவளுடைய தாடையையே வெளியிலிருந்து யாரோ பிடித்துத் திறந்ததுபோல வாய் திறந்தது, "தேடுறேன். நீ உலை வை" என்றது.  காத்தாயி வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். இந்த வருஷமும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

*

பரிதி என்பவன் வாரியத்தின் கள அலுவலர். முப்பது வயதைத் தாண்டியவன், நல்ல பையன். அவனைக் கெட்டவன் என்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வராது. அவனுடைய அம்மா ஊரில் ஏதோ ஒரு ஆட்டம் இருந்ததாம். இப்போது பெயர் மட்டும்தான் மிச்சமாம். அது மாதிரி இன்னொன்று போய்விடக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன் என்பான். பட்டை அளவு பார்க்க அவன் வந்திறங்கினதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பி, எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு தனியாக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் ஒருத்தி. "பொழுது சாஞ்சா நேரா வீட்டுக்கு வர்ற மாதிரி ஒருநாளு நடந்தாரு. அதப் பதிஞ்சு வச்சிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.

அஞ்சலாட்சி அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சவுக்குத் தோப்பைத் தாண்டி, பஸ் நிற்கிற தார்ரோடுவரை நடத்திக்கொண்டு போனாள். அலைச் சத்தம் கேட்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் நின்றாள். தன் கை தானாக எழுவதைப் பற்றி முதலில் கேட்டாள்.

"அந்தப் பட்டை உள்ளே எதையும் வைக்கிறதில்லக்கா" என்றான் அவன். "அன்னைக்கு உங்க நரம்புல என்ன ஓடுச்சோ அதத் திருப்பி ஓட்டுது. நீங்க கொஞ்சம் விலகுனா கையப் புடிச்சு வழிக்குக் கொண்டாரும். புள்ளைக்கு அரிச்சுவடி எழுதக் கை புடிக்கிறோம்ல, அது மாதிரி. சில பேருக்கு உடம்பு அதப் பழகிக்கிதுன்னு சொல்றாங்க."

"புள்ளைக்கு எழுத வந்துட்டா கைய விட்டுடுவாங்க தம்பி."

 பிறகு அவள் இரண்டாவது சொல்லைப் பற்றிச் சொன்னாள். அந்தச் சொல்லையே சொன்னாள். குரலை இறக்கி, சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு. "கிடைச்சான். எம்மடியில கிடக்கான். நீ வெளக்கேத்து."

பரிதி மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டான். "இத ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"அன்னைக்கு என்ன நடக்கும்னு கேட்டீங்க. அன்னைக்கு நடக்குறதச் சொன்னோம். மத்ததக் கரையில வச்சுச் சொல்ற வாயி எங்களுக்கு இல்ல."

 அவன் விவரமாகச் சொன்னான். பதிவை மாற்றலாம். மாற்றக் கேட்டால் மறு ஆய்வு வைப்பார்கள். ஆய்வு முடியும்வரை அறிவிப்பு நிறுத்தி வைக்கப்படும். நிறுத்திய மறுநாள் துறைமுகக்காரர்களின் இயந்திரங்கள் உள்ளே வந்துவிடும். ஆய்வு முடிகிறபோது பார்க்க ஊர் இருக்காது. பட்டையைக் கட்டாமல் விட்டாலோ, தளர்த்திக் கட்டினாலோ, பதிவுக்கும் நடந்ததற்கும் உள்ள பொருத்தம் குறைந்துவிடும். அப்போதும் இதே கதிதான்.

"ஒண்ணே ஒண்ணுதான் என்னால சொல்ல முடியும்" என்றான். "சங்கு ஊதுனதும் பட்டை விட்டுடும். அதோட பதிவு முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடக்குறது எங்களுக்குத் திருவிழா இல்லக்கா. வெறும் கடற்கரை."

நல்லது செய்ய வருகிறவர்களை எதிர்த்துப் பேசத்தான் மனுஷனுக்கு வாய் வருவதில்லை. அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஊர்த் தலைவரான நாட்டார் வைரக்கண்ணுவிடமும் போய்ப் பார்த்தாள். அவர் வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டே கேட்டார். திருவிழா முடிந்தபின் காத்தாயி வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லிவிடலாமே என்றார். சொல்லிப் பார்த்தாயிற்று என்றாள் அஞ்சலாட்சி. நீ யாருடி சொல்ல, ஆத்தா சொல்லட்டும் என்று காத்தாயி சிரித்துவிட்டாளாம். நாட்டார் தார்ச் சட்டியைக் கீழே வைத்தார். ஊரில் இத்தனை வீடு, இத்தனை பிள்ளைகள் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் இத்தனை வீட்டையும் மறு பக்கம் ஒரு தாயையும் வைத்து நிறுக்க அவருக்கும் மனசு வரவில்லை.

*

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அஞ்சலாட்சி காத்தாயி வீட்டுக்குப் போனாள். கை வெறுமனே போகக் கூடாது என்று நாலு வாளைமீனைக் கழுவி எடுத்துப் போனாள்.

காத்தாயி கொடியில் ஒரு கைலியை உலர்த்திக்கொண்டிருந்தாள். புதுசு, கஞ்சி போகத் துவைத்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் முகத்தில் கவலை இல்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. ரயிலுக்கு மூட்டை கட்டி முடித்தவள்போல இருந்தாள்.

"வாடி அஞ்சலை. வாளையா? அவனுக்குக் கொழம்பவிட வறுத்தாத்தான் புடிக்கும்."

அஞ்சலாட்சி மீனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கைலி நன்றாக இருக்கிறது என்றாள்.

"நனைஞ்சு வருவான்ல. மாத்திக்கத் துணி வேணாமா?" காத்தாயி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தாள். "நான் ஒரு முடிவு பண்ணிருக்கேன்டி. ஆத்தா ரெண்டு வருசமாத் தேடுறா. அவளயும் குத்தம் சொல்ல முடியாது, கடலு பெருசு. நாளைக்கும் தேடுறேன்னு சொன்னான்னா நானும் எறங்கிடப் போறேன். அவளுக்கு அவன் முகம் அவ்வளவாத் தெரியாது. நான் பெத்தவ. ரெண்டு பேராத் தேடுனா வெரசாக் கிடைப்பான்."

அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி "அக்கா" என்று மட்டும் சொன்னாள். காத்தாயி அவள் தாடையைச் செல்லமாகக் கிள்ளினாள்.

"நீ ஏண்டி அழுவுற? நீயா தேடப் போற?"

அன்று பிற்பகல் கோயிலில் விழுந்து கிடந்து அஞ்சலாட்சி வேண்டினாள். நீ என்மேல் வராவிட்டாலும் போ, தாயே. அந்த ஒரு சொல்லை மட்டும் என் வாயில் விட்டுவிட்டுப் போ என்று கேட்க வந்தாள். வாய் திறந்தது. "தேடுறேன்" என்றது. பட்டை இல்லாத வெறும் கழுத்தில், சாமிக்கு முன்னால், அவளுடைய வேண்டுதலைத் தள்ளிவிட்டு அந்தச் சொல் வெளியே வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

*

திருவிழா அன்று வெயில் இதமாக இருந்தது. பந்தலில் விருந்தினர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பறக்கும் கேமரா வண்டுபோல ரீங்காரமிட்டுக்கொண்டு தலைக்கு மேலே நின்றது. பரிதி தானே வந்து அஞ்சலாட்சிக்குப் பட்டையைக் கட்டினான்.  பதிவு முடிந்த நொடியே கேமராவை இறக்கிவிடுவேன் என்று காதோரம் சொன்னான். அவனால் முடிந்தது அது.

பட்டை இளஞ்சூடானது. பம்பை முழங்கியது. அவளுடைய முழங்கால்கள் மடங்கி நிமிர்ந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிளிஞ்சல் குத்தியதால் இடது கால் நொண்டியிருந்தது. இப்போது கிளிஞ்சல் இல்லை, கால் அதே இடத்தில் நொண்டியது. வரிசையில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்குப் பதிவு எடுத்த அன்றைக்குத் தும்மல் வந்திருந்தது, இப்போதும் அவள் தும்மினாள். அஞ்சலாட்சி தன்னுடைய கண்களுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக ஒதுங்கத் தோன்றவில்லை. ஒதுங்கினால் அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துவிடும் என்று பயமாக இருந்தது.

காத்தாயி முன்னால் வந்தாள். அவள் கழுத்திலும் பட்டை இருந்தது.

"ஆத்தா, எம்புள்ள எங்க?"

குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. அஞ்சலாட்சி பல்லைக் கடித்தாள். பல் திறந்துகொண்டது. நாக்கைச் சுருட்டினாள். ஒரு தாய் குழந்தையின் மூடிய விரல்களை விரிப்பதுபோல, அவ்வளவு பொறுமையாக, அது நாக்கை விரித்தது. வலிக்கக்கூட இல்லை. வலித்திருந்தால் எதிர்த்து நிற்க ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"தேடுறேன். நீ உலை வை."

பதிவு எடுத்த அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் காத்தாயி முகம் மலர்ந்து சிரித்திருந்தாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையில் வந்த சிரிப்பு. இப்போது அந்தச் சிரிப்பு வந்து அவள் உதட்டில் ஏறிக்கொண்டது. எலும்பும் தோலுமான முகத்தில், கண்கள் எங்கோ பார்த்திருக்க, உதடு மட்டும் சிரித்தது. பந்தலில் யாரோ கைதட்டினார்கள்.

சங்கு ஊதியது.

பட்டைகள் விட்டன. நூல் அறுந்த பொம்மைகள்போல வரிசையில் நின்றவர்கள் மணலில் உட்கார்ந்தார்கள். விருந்தினர்கள் பந்தலுக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுக் கொட்டகைக்கு நகர்ந்தார்கள். கேமரா இறங்கிவிட்டது. காத்தாயி மட்டும் உட்காரவில்லை. கழுத்துப் பட்டையை அவிழ்த்து மணலில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைக்குப் போகிறவள்போலக் கடலுக்குள் நடந்தாள்.

அஞ்சலாட்சி எழுந்தாள். எப்படி ஓடினாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் போய் அவள் தோளைப் பிடித்தாள்.

"விடுடி" என்றாள் காத்தாயி. "அவ சொன்னதக் கேட்டல்ல. ஒத்தையாத் தேடுறா."

அப்போது அஞ்சலாட்சிக்கு ஒரு வழி தெரிந்தது. கூந்தலை அவிழ்த்துவிட்டால் போதும். கண்ணை மேலே செருகி, குரலைத் தடிப்பாக்கி, அந்த இரண்டாவது சொல்லைச் சொன்னால் போதும். காத்தாயி நம்புவாள். அவள் கை கொண்டைவரை போனது. இந்தத் தடவை அது அவளுடைய கையேதான். ஆனால் வராத அம்மனை வந்ததாகச் சொல்வதா? இரண்டு வருஷமாகப் பட்டை செய்கிற காரியத்தைப் பட்டையில்லாமல் தானே செய்வதா? கையைக் கீழே விட்டாள்.

"அக்கா, அவ வரல" என்றாள். "போன வருசமும் வரல. பேசுனது அவ இல்ல. அது இந்தப் பட்டை. நான் பல்லக் கடிச்சுப் பாத்தேன், நாக்கச் சுருட்டிப் பாத்தேன். என்னால முடியலக்கா. எனக்குப் பயமா இருக்கு."

காத்தாயி அவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அப்ப யாருதான் தேடுறா?"

"யாரும் தேடல."

ஒரு பெரிய அலை வந்து இருவரையும் புரட்டியது. உப்புத் தண்ணீரைக் குடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்தபோது, அஞ்சலாட்சியின் பிடி காத்தாயியின் மணிக்கட்டில்தான் இருந்தது. கொண்டுபோனால் இருவரையும் சேர்த்துக் கொண்டுபோகட்டும் என்று பிடித்திருந்தாள். அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள், வழி தப்பிய குழந்தைபோல. காத்தாயி நின்றாள். கடலைப் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, ஈரத் தலைப்பைப் பிழிந்து அஞ்சலாட்சியின் முகத்தைத் துடைத்தாள்.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. காத்தாயியின் உடம்பு, உச்சியில் குளிர்ந்த நீர் விழுந்ததுபோல ஒரு தடவை சிலிர்த்தது. அஞ்சலாட்சிக்கு அந்தச் சிலிர்ப்பைத் தெரியும். இருபது வருஷம் தெரியும்.

"கிடைச்சான்" என்றாள் காத்தாயி. குரல் அவளுடையது இல்லை. ஆனால் அதில் நடுக்கமே இல்லை. "எம்மடியில கிடக்கான். நீ வெளக்கேத்து."

அஞ்சலாட்சி இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே முழங்காலிட்டு அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டாள். கடல் இரண்டு அலைகளுக்கு நடுவே கொஞ்சம் தணிந்திருந்தது. பிறகு அந்த உடம்பு தளர்ந்து அவள்மேல் சாய்ந்தது.

"நான் என்னடி சொன்னேன்?" என்று கேட்டாள் காத்தாயி.

அஞ்சலாட்சி சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் அந்தத் தாய், இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, வாய்விட்டு அழுதாள். கரையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறங்கி வந்தார்கள். பரிதி கேமராப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

*

அடுத்த ஐப்பசியில் கடல் இன்பவல்லியின் புருஷனைக் கொண்டுபோனது. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம் முடியவில்லை.

பதிவில் கேட்கிற இடம் ஒன்றுதான் இருந்தது, அது காத்தாயியினுடையது. இன்பவல்லிக்குக் குலவை வரிசையில்தான் இடம். மாசியில் அந்த இடத்திலேயே நின்றாள். புருஷனைப் பறிகொடுத்த வாயால் குலவையிட்டாள். பதிவு எடுத்த அன்றைக்குப் பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்துக் கண்ணடித்திருந்தாள், அதையும் செய்தாள். காத்தாயி முடிந்துபோன கேள்வியைக் கேட்டாள். அஞ்சலாட்சி முடிந்துபோன பதிலைச் சொன்னாள். கேட்டவளுக்கும் சொன்னவளுக்கும் கண்கள் மட்டும் சொந்தமாக இருந்தன. அவற்றால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பரிதியோடு வாரியத்தின் பெரிய அதிகாரியும் வந்திருந்தார். வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய அம்மாள், கனிவான முகம். எல்லாரையும் பெயர் சொல்லி விசாரித்தார். மரபைக் காப்பாற்றுகிற உங்களுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது என்று கைகூப்பினார். அவர் கைகூப்பியதைப் பார்த்து நாட்டாருக்கு நெற்றி வியர்த்தது.

சங்கு ஊதியதும் பெண்கள் யாரும் மணலில் உட்காரவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் கடலுக்குள் இறங்கினார்கள். இடுப்பளவில் வட்டமாக நின்றார்கள். இன்பவல்லியை நடுவில் விட்டார்கள். அவள் கழுத்திலிருந்து பட்டையை அவிழ்த்தவள் காத்தாயிதான்.

"கேளுடி" என்றாள். "யாரு மேல வருவான்னு தெரியாது. வரலன்னா வரலன்னு சொல்லிடுவோம். பொய் சொல்ல மாட்டோம். கேளு."

இன்பவல்லி கேட்டாள். கேட்டவுடன் கால் மடங்கி விழப் போனாள். அவள் அழுகை அலைச் சத்தத்தையும் மீறி எழுந்தது. அப்போது அஞ்சலாட்சி கரையைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் பந்தலைவிட்டு வெளியே வந்து நின்றிருந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிதியிடம் ஏதோ கேட்டார். பரிதி பதில் சொன்னான். குளிக்கிறார்கள், மேடம், திருவிழா முடிந்தால் எல்லா ஊரிலும் பெண்கள் குளிப்பார்கள் என்று சொன்னதாகப் பின்னால் நாட்டார் வழியாகத் தெரியவந்தது. வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் பொய்யாக இருக்கலாம். அந்த அம்மாளுக்கு அது போதவில்லை. எவ்வளவு அழகாக இருக்கிறது, இதை ஏன் இத்தனை நாள் எடுக்காமல் விட்டீர்கள் என்று ஆசையோடு கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினாராம். இறங்கிக் கிடந்த கேமரா மறுபடி எழுந்தது. மணலைத் தாண்டி, நுரையைத் தாண்டி, ரீங்காரமிட்டுக்கொண்டு அவர்களை நோக்கி வந்தது.

அஞ்சலாட்சிக்குப் புரிந்துவிட்டது. இந்த அழுகை ஒரு தடவை அதன் கண்ணில் பட்டால் போதும். அடுத்த மாசியில் இந்தப் பெண் இதே இடத்தில் நின்று, இதே குரலில், இதே கண்ணீரை அழ வேண்டும். அதற்கடுத்த மாசியிலும். கிழவியாகும்வரை.

அஞ்சலாட்சி குனிந்து இரண்டு கைநிறையத் தண்ணீரை அள்ளிக் காத்தாயியின் முகத்தில் அடித்தாள். காத்தாயி ஒரு கணம் திகைத்தாள். மேலே பார்த்தாள். புரிந்துகொண்டாள். திருப்பி அடித்தாள். "கெட்ட சிறுக்கி, கண்ணுல போச்சுடி" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவள் அவள்மேல் நீரை வாரி இறைத்தாள். அடுத்தவளும், அதற்கடுத்தவளும். வட்டம் நெருங்கிச் சுருங்கியது. தோளோடு தோள், தலையோடு தலை; மேலிருந்து பார்த்தால் ஈரக் கூந்தலும் சிதறும் நீரும்தான் தெரியும். நடுவில் ஒரு சின்னப் பெண் யாருடைய மார்பிலோ முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவள் தலையை ஒரு கை தடவிக்கொண்டிருந்தது. அவள் காதில் ஒரு குரல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அது யாருடைய கை, யாருடைய குரல் என்று அஞ்சலாட்சி பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது.

கேமரா வந்து அவர்கள் தலைக்கு மேலே நின்றது. அதன் விசிறிக் காற்று வாரியடித்தது. அது திரும்பிப் போகும்வரை அலையாத்திமேட்டுப் பெண்கள் சிரிப்பை நிறுத்தவில்லை.